ஆக்சிஜனேற்ற எண்ணும் ரெடாக்ஸ் வினைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் 11ஆம் வகுப்பு வேதியியல் புத்தகத்தின் முதல் அலகிலேயே ஆக்சிஜனேற்ற எண் வந்துவிடுகிறது. அங்கே சரியாகப் பிடிபடாமல் போனால் 12இல் மின்வேதியியல், உலோகவியல், டி தொகுதித் தனிமங்கள், ஆய்வகத்தில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் என்று போகிற இடமெல்லாம் துரத்தும். பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதுகிறேன். ரெடாக்ஸ் என்றால் ஆக்சிஜனேற்றமும் (எலக்ட்ரான் இழப்பு) ஒடுக்கமும் (எலக்ட்ரான் ஏற்பு) சேர்ந்தே நடக்கும் வினை. வாய்பாடுகளைக் குறியீட்டில் போடாமல் எந்த அணு எத்தனை என்று சொல்லியே போகிறேன், நீங்கள் பக்கத்தில் ஒரு தாள் வைத்துக் குறியீட்டை எழுதிக்கொண்டே படியுங்கள், அப்போதுதான் கைக்கு வரும். இலங்கைப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள் ஆக்சிஜனேற்றம் என்ற இடத்தில் ஒட்சியேற்றம் என்றும், ஒடுக்கம் என்ற இடத்தில் தாழ்த்தல் என்றும் வாசித்துக்கொள்ளலாம்.

ஆக்சிஜனேற்ற எண் என்பது அணுவின் மேல் நிஜமாகவே இருக்கும் மின்சுமையா?

இல்லை. இது ஒன்று மனதில் உட்கார்ந்துவிட்டால் மீதிப் பாடம் தானாக வரும் என்பது என் உறுதியான எண்ணம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அது ஒரு கணக்கு, அவ்வளவுதான். ஒரு பிணைப்பில் இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டு வைத்திருக்கின்றன. அவற்றில் எதற்கு எலக்ட்ரான் கவர்திறன், அதாவது எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன், அதிகமோ அதற்கே அந்த எலக்ட்ரான்களை முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டால் ஒவ்வோர் அணுவின் மேலும் என்ன மின்சுமை நிற்கும் என்று கேட்கிறோம், அதற்கு வரும் பதில்தான் ஆக்சிஜனேற்ற எண். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து உழுது விதைக்கும் நிலத்துக்கு ஒருவர் பேரில் மட்டும் பட்டா போட்ட மாதிரி.

தண்ணீரை எடுங்கள். பாலிங் அளவுகோலில் ஆக்சிஜனின் கவர்திறன் 3.44, ஹைட்ரஜனுடையது 2.20. இரண்டு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பிலும் உள்ள நான்கு எலக்ட்ரான்களையும் ஆக்சிஜனுக்கே கொடுங்கள். தனியாக இருந்தபோது ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள் இருந்தன, இப்போது 8 ஆகிவிட்டது, ஆகவே -2. ஹைட்ரஜனிடம் இருந்த ஒன்றும் போய்விட்டது, ஆகவே ஒவ்வொன்றும் +1. ஒரே தனிமத்தின் இரண்டு அணுக்களுக்கு நடுவில் பிணைப்பு இருந்தால் யாருக்கும் முன்னுரிமை கிடையாது, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆக்சிஜன் வாயு, குளோரின் வாயு எல்லாவற்றிலும் பூஜ்யம் வருவது இதனால்தான்.

பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7 என்றால் ஏழு எலக்ட்ரான்களையும் பறிகொடுத்த ஒரு மாங்கனீசு அயனி உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று பொருளல்ல. அந்தப் பிணைப்புகளில் சகப்பிணைப்புத் தன்மை நிறைய உண்டு, உண்மையான மின்சுமை அதைவிட ரொம்பக் குறைவு. எழுதும்போதும் இந்த வித்தியாசத்தைக் காட்டுவது வழக்கம்: அயனியின் மின்சுமை என்றால் 2+, ஆக்சிஜனேற்ற எண் என்றால் +2.

விதிகளை மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா? விதிவிலக்குகள்தான் குழப்புகின்றன.

வரிசையைத் தெரிந்துகொண்டால் போதும், விதிவிலக்கு என்று தனியாக எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. சேர்மத்தில் ஃபுளூரின் இருந்தால் முதலில் அதற்கு -1 கொடுங்கள், அதைவிட எலக்ட்ரானை அதிகமாக இழுக்கும் தனிமம் கிடையாது, அதனால் அது எங்கேயும் மாறாது. அடுத்து கார உலோகங்களுக்கு +1, காரமண் உலோகங்களுக்கு +2, அலுமினியத்துக்கு +3. அப்புறம் ஹைட்ரஜனுக்கு +1. அதற்கும் பிறகுதான் ஆக்சிஜனுக்கு -2. குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை ஆக்சிஜனோடோ தங்களைவிடக் கவர்திறன் கூடிய ஹாலஜனோடோ சேராத வரை -1. கடைசியில் எல்லாவற்றின் கூட்டுத்தொகை, நடுநிலை மூலக்கூறு என்றால் பூஜ்யம், அயனி என்றால் அதன் மின்சுமை.

இரண்டு விதிகள் மோதினால் வரிசையில் முன்னால் இருப்பதே ஜெயிக்கும். ஆக்சிஜன் ஒன்றும் ஃபுளூரின் இரண்டும் உள்ள சேர்மத்தில் ஃபுளூரின்கள் -2 எடுத்துக்கொள்கின்றன, ஆகவே ஆக்சிஜன் +2. பொட்டாசியம் ஒன்றும் ஆக்சிஜன் இரண்டும் உள்ள சூப்பர்ஆக்சைடில் பொட்டாசியம் +1, ஆகவே இரண்டு ஆக்சிஜனுக்கும் சேர்த்து -1, தலைக்கு -½. லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடில் லித்தியம் +1, அலுமினியம் +3, மீதமுள்ள நான்கு ஹைட்ரஜனுக்கும் சேர்த்து -4, ஆகவே ஒவ்வொன்றும் -1. உலோக ஹைட்ரைடில் ஹைட்ரஜன் -1 என்று புத்தகம் விதிவிலக்காகச் சொல்வது இந்த வரிசையிலேயே தானாக வந்துவிட்டது, பாருங்கள். காரணமும் அதே கவர்திறன்தான்: லித்தியத்தைவிடவும் அலுமினியத்தைவிடவும் ஹைட்ரஜன் எலக்ட்ரானை அதிகமாக இழுக்கும்.

ஒரு கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்ட முடியுமா?

பொட்டாசியம் டைகுரோமேட்: பொட்டாசியம் 2, குரோமியம் 2, ஆக்சிஜன் 7. பொட்டாசியம் +2 தருகிறது, ஆக்சிஜன் -14 தருகிறது. கூட்டுத்தொகை பூஜ்யமாக இரண்டு குரோமியமும் சேர்ந்து +12 தர வேண்டும், ஆக ஒவ்வொன்றும் +6. இந்தக் கடைசி வகுத்தலை மறந்து +12 என்று எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் ஏராளம்.

அயனி என்றால் அமோனியம்: நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 4, மின்சுமை 1+. ஹைட்ரஜன் +4 தருகிறது, மொத்தம் +1 வர வேண்டும், ஆகவே நைட்ரஜன் -3. இதே நைட்ரஜன் நைட்ரேட் அயனியில் +5. அதனால் அமோனியம் நைட்ரேட்டை ஒரே மூச்சில் கணக்குப் போட்டு நைட்ரஜன் +1 என்று எழுதாதீர்கள், அது சராசரி மட்டும்தான். அயனிச் சேர்மம் என்று தெரிந்தால் முதலில் அயனிகளாகப் பிரித்துவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பதே நல்ல பழக்கம்.

பெராக்சைடு எது, சாதாரண ஆக்சைடு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பேரியம் ஒன்று ஆக்சிஜன் இரண்டு, காரீயம் ஒன்று ஆக்சிஜன் இரண்டு, எழுதினால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் பேரியம் சேர்மங்களில் +2 தவிர வேறெதுவும் ஆகாது, ஆகவே அங்கே இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்து -2, ஒவ்வொன்றும் -1, அது பெராக்சைடு. காரீயத்தால் +4 ஆக முடியும், அதனால் அது சாதாரண டைஆக்சைடு, ஆக்சிஜன் வழக்கம்போல -2. மாங்கனீசு டைஆக்சைடும் அப்படியே. அதாவது உலோகத்துக்கு வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மட்டும் ஆக்சிஜனைத் திருத்துங்கள். பெராக்சைடில் -1 வரக் காரணம் இரண்டு ஆக்சிஜன்களுக்கு நடுவில் உள்ள பிணைப்பு, அதில் யாருக்கும் லாபமில்லை.

விடை பின்னத்தில் வருகிறதே, எங்கே தப்பு?

பெரும்பாலும் தப்பே இல்லை. மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவில் இரும்பு 3, ஆக்சிஜன் 4. கணக்கு +8/3 என்று வரும். ஒரே அணு அந்த எண்ணோடு இல்லை, ஒன்று +2ஆகவும் இரண்டு +3ஆகவும் இருக்கின்றன, நமக்குக் கிடைத்தது சராசரி. சோடியம் டெட்ராதயோனேட்டில் சல்பர் +2.5 என்று வரும், அமைப்பை வரைந்து பார்த்தால் ஓரத்தில் உள்ள இரண்டும் +5, நடுவில் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் இரண்டும் பூஜ்யம். சராசரி மேல் கோபம் வேண்டாம், வினையைச் சமன் செய்யும்போது மொத்த எலக்ட்ரான் கணக்குக்குச் சராசரியே போதும், விடை மாறாது.

சூப்பர்ஆக்சைடு மட்டும் வேறு. அங்கே இரண்டு ஆக்சிஜனும் எந்த வேறுபாடும் இல்லாமல் ஒரே மாதிரி இருப்பதால் -½ என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

குரோமியம் +10 என்று வருகிறது. இது எப்படி?

குரோமியம் 1, ஆக்சிஜன் 5 உள்ள குரோமியம் பெராக்சைடைப் பற்றிய கேள்வி இது, நுழைவுத்தேர்வுப் பயிற்சியில் எங்கேயாவது கட்டாயம் வரும். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து ஆக்சிஜனுக்கும் -2 போட்டால் +10 வரும். ஆனால் குரோமியத்திடம் இணைதிறன் எலக்ட்ரான்கள் ஆறுதான் இருக்கின்றன, இல்லாததை எப்படிக் கொடுக்கும்? இந்தச் சோதனையை எப்போதும் செய்யுங்கள்: வந்த விடை அந்தத் தனிமத்தின் இணைதிறன் எலக்ட்ரான் எண்ணிக்கையைத் தாண்டினால் உள்ளே பெராக்சைடுப் பிணைப்பு ஒளிந்திருக்கிறது.

அமைப்பை வரையுங்கள். நடுவில் குரோமியம், ஓர் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில், மீதி நான்கும் இரண்டிரண்டாகச் சேர்ந்து குரோமியத்தோடு இரண்டு சிறிய முக்கோண வளையங்கள். வளையத்தில் உள்ள நான்கும் -1, இரட்டைப் பிணைப்பில் உள்ளது -2, மொத்தம் -6. குரோமியம் +6. சல்பர் 1, ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 5 உள்ள பெராக்சோ மோனோ சல்பூரிக் அமிலத்திலும் இதே கதைதான், +8 என்று வருவது உண்மையில் +6.

கார்பன் சேர்மங்களில் எப்படி? ஒரே தனிமத்துக்கு இத்தனை எண்களா?

ஆமாம், கார்பன்தான் இதில் எனக்குப் பிடித்த தனிமம். மீத்தேனில் -4, மெத்தனாலில் -2, ஃபார்மால்டிஹைடில் 0, ஃபார்மிக் அமிலத்தில் +2, கார்பன் டைஆக்சைடில் +4. ஒவ்வொரு படியிலும் இரண்டு எலக்ட்ரான்கள் போகின்றன, எரிவாயு எரிந்து புகையாகும் பாதையை இப்படி நான்கு படிகளாக வைத்துப் பார்க்கலாம்.

கார்பன் அணுவுக்குத் தனியாகக் கணக்குப் போட எளிய வழி இருக்கிறது. பூஜ்யத்தில் ஆரம்பியுங்கள். ஹைட்ரஜனோடு உள்ள ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒன்றைக் கழியுங்கள், ஆக்சிஜனோடு உள்ள ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒன்றைக் கூட்டுங்கள், இரட்டைப் பிணைப்பு என்றால் இரண்டு, இன்னொரு கார்பனோடு உள்ள பிணைப்புக்கு எதுவும் செய்யாதீர்கள். எத்தனாலில் ஓரக் கார்பனுக்கு மூன்று ஹைட்ரஜன், ஆகவே -3. ஆக்சிஜன் ஒட்டிய கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன், ஆகவே -1. கள் நாள்பட்டுப் புளித்துக் காடியாகும்போது பாக்டீரியாக்கள் எத்தனாலை அசிட்டிக் அமிலமாக்குகின்றன. ஓரக் கார்பன் அதே -3இல் இருக்க, மற்றது ஆக்சிஜனோடு மூன்று பிணைப்புகள் ஆகி +3க்குப் போகிறது. -1லிருந்து +3, நான்கு எலக்ட்ரான் இழப்பு. சராசரியாகப் பார்த்தாலும் -2லிருந்து 0, இரண்டு கார்பனுக்கும் சேர்த்து நான்குதான்.

இது இணைதிறனிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

இணைதிறனுக்குக் கூட்டல் கழித்தல் குறி கிடையாது, சேர்மத்தில் அது பூஜ்யமும் ஆகாது பின்னமும் ஆகாது. மேலே சொன்ன ஐந்து சேர்மங்களிலும் கார்பனின் இணைதிறன் 4, ஆக்சிஜனேற்ற எண் மட்டும் ஐந்து விதம்.

ஒரு வினை ரெடாக்ஸா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

அம்புக்குறியின் இரண்டு பக்கமும் எல்லா அணுக்களுக்கும் எண் போடுங்கள், ஏதாவது ஒன்று மாறியிருந்தால் ரெடாக்ஸ். ஒன்று கூடினால் வேறொன்று குறைந்தே ஆக வேண்டும், எலக்ட்ரான் காற்றில் மறைந்து போகாது. எண் கூடியது ஆக்சிஜனேற்றம் அடைந்தது, குறைந்தது ஒடுக்கம் அடைந்தது.

நேரம் இல்லாதபோது முதலில் தனித்த தனிமத்தைத் தேடுங்கள். ஒரு பக்கத்தில் தனியாக இருக்கும் தனிமம் மறுபக்கத்தில் சேர்மத்துக்குள் போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம், ரெடாக்ஸ்தான். எரிதல், துருப்பிடித்தல், காப்பர் சல்பேட் கரைசலில் துத்தநாகத் தகட்டை வைப்பது எல்லாம் இதில் அடங்கும். இரு பக்கமும் தனிமமாகவே இருந்தால் கவனம்: ஆக்சிஜன் ஓசோனாவதில் பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கிறது.

சிதைவு வினை, இரட்டை இடப்பெயர்ச்சி வினை என்ற பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால் எந்த எண்ணும் மாறாது, பொட்டாசியம் குளோரேட்டைச் சூடாக்கினால் குளோரினும் ஆக்சிஜனும் மாறுகின்றன, இரண்டுமே சிதைவுதான். இன்னும் நுட்பமான ஒரு ஜோடி சொல்கிறேன். லெட் நைட்ரேட்டில் பொட்டாசியம் அயோடைடை ஊற்றினால் பொன்மஞ்சள் வீழ்படிவு வரும், அது வெறும் அயனிப் பரிமாற்றம். அதே பொட்டாசியம் அயோடைடைக் காப்பர் சல்பேட்டில் ஊற்றினால் காப்பர் +2லிருந்து +1க்கு இறங்கிக் காப்பர் அயோடைடாகப் படிகிறது, அயோடைடில் ஒரு பகுதி அயோடினாக வெளியேறிக் கரைசலைப் பழுப்பாக்குகிறது. ஊற்றும் விதம் ஒன்று, வேதியியல் வேறு.

நிறம் மாறினால், சூடு கிளம்பினால் அது ரெடாக்ஸ்தானே?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. நம் வீட்டிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் ரத்தச் சிவப்பாகிறதே, அது மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் ஹைட்ரஜன் அயனியை இழப்பதால் வரும் நிறம், ஆக்சிஜனேற்ற எண் எதுவும் மாறவில்லை. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்குகிறது, கிட்டே போக முடியாத சூடு. கால்சியம் முன்பும் +2, பின்பும் +2. செம்புக் குடம் கறுப்பது ரெடாக்ஸ், காப்பர் 0விலிருந்து மேலே போகிறது. அந்தக் கறுப்பைப் புளி போட்டுத் தேய்த்து எடுப்பது ரெடாக்ஸ் இல்லை, கறுப்புக் காப்பர் ஆக்சைடில் +2ஆக இருந்த காப்பர் அமிலத்தில் கரைந்த பிறகும் +2தான்.

ஆய்வகத்தில் குரோமியம் ஒன்றே இதற்குப் போதும். ஆரஞ்சு நிற டைகுரோமேட்டில் காரம் சேர்த்தால் மஞ்சள் குரோமேட், +6 அப்படியே. உப்புப் பகுப்பாய்வில் குளோரைடுக்குச் செய்யும் குரோமைல் குளோரைடு சோதனையில் செம்பழுப்பு ஆவி கிளம்பும், அங்கேயும் +6. அமிலம் சேர்த்த டைகுரோமேட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஈதரும் விட்டுக் குலுக்கினால் ஈதர் அடுக்கு அழகான நீலமாகும், அதுதான் முன்பு பார்த்த குரோமியம் பெராக்சைடு. பார்த்தால் பெரிய மாற்றம், ஆனால் குரோமியம் +6, பெராக்சைடில் -1ஆக இருந்த எட்டு ஆக்சிஜன்கள் இரண்டு குரோமியம் பெராக்சைடு மூலக்கூறுகளில் அதே -1இல் எட்டாகவே இருக்கின்றன. நீல நிறம் உண்டாகும் அந்தப் படி ரெடாக்ஸ் இல்லை! டைகுரோமேட் ஆல்கஹாலைச் சந்தித்துப் பச்சையானால் மட்டும் +6, +3க்கு இறங்கியிருக்கிறது, அது ரெடாக்ஸ். ஆகவே நிறம் ஒரு சந்தேகத்தைத்தான் கிளப்ப வேண்டும், முடிவைச் சொல்ல எண்ணைப் போட்டே ஆக வேண்டும்.

ஆக்சிஜனேற்றி எது, ஒடுக்கி எது? ஒவ்வொரு முறையும் மாறிப்போகிறது.

வேலையைச் செய்பவரும் வேலைக்கு ஆளாவதும் எதிரெதிர். ஆக்சிஜனேற்றி மற்றதை ஆக்சிஜனேற்றம் செய்கிறது, அதற்காக எலக்ட்ரானை வாங்குகிறது, வாங்கியதால் தான் ஒடுக்கம் அடைகிறது. எண் குறைந்த அணு எந்தச் சேர்மத்தில் இருந்ததோ அந்தச் சேர்மம் ஆக்சிஜனேற்றி, எப்போதும் இடதுபக்கத்தில் தேடுங்கள்.

தீக்குச்சியைப் பாருங்கள், சிவகாசியும் கோவில்பட்டியும் சாத்தூரும் பிழைக்கும் வேதியியல் அது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், கூடவே சல்பர் போன்ற எரிபொருள். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். குளோரேட்டில் குளோரின் +5, உரசியதும் அது குளோரைடாகி -1க்கு இறங்குகிறது, ஆறு எலக்ட்ரான்களை வாங்குகிறது. கொடுப்பது 0விலிருந்து +5க்குப் போகும் பாஸ்பரஸும் 0விலிருந்து +4க்குப் போகும் சல்பரும். பொட்டாசியம் குளோரேட் ஆக்சிஜனேற்றி, மற்ற இரண்டும் ஒடுக்கிகள். குளோரேட்டைக் குச்சியிலும் சிவப்பு பாஸ்பரஸைப் பெட்டியிலும் பிரித்து வைத்திருப்பதால்தான் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்க முடிகிறது.

ஆக்சிஜனே இல்லாத வினையை எப்படி ஆக்சிஜனேற்றம் என்பது?

பெயர் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே எரிதலுக்கு ஆக்சிஜனைக் காரணம் காட்டிய காலத்திலிருந்து வருகிறது, எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதோ 1897இல். சோடியம் குளோரினில் எரிந்து உப்பாகும்போதும் நடப்பது அதே எலக்ட்ரான் பரிமாற்றம் என்பதால் பெயரை விரித்துக்கொண்டார்கள்.

ஒரே தனிமம் கூடவும் குறையவும் முடியுமா?

முடியும், அதுதான் விகிதச் சிதைவு வினை. நீர்த்த சுண்ணாம்பின் மேல் குளோரினைச் செலுத்திப் பிளீச்சிங் பவுடர் செய்யும்போது 0வாக இருந்த குளோரினில் ஒரு பாதி -1க்கு இறங்குகிறது, மறுபாதி +1க்கு ஏறுகிறது. சூடான அடர் சோடியம் ஹைட்ராக்சைடில் குளோரினை விட்டால் ஐந்து அணுக்கள் -1க்கு இறங்க, ஒன்று மட்டும் +5க்குப் போகும். ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலில் இருந்தபடியே தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிவதும் இதுவே. இதற்கு அந்தத் தனிமம் ஏணியின் நடுவில் நிற்க வேண்டும். பெர்குளோரேட்டில் +7இல் இருக்கும் குளோரினுக்கு மேலே போக இடமில்லை, அதனால் அதற்கு விகிதச் சிதைவு கிடையாது. எதிர்த்திசையிலும் நடக்கும்: ஹைட்ரஜன் சல்பைடில் உள்ள -2 சல்பரும் சல்பர் டைஆக்சைடில் உள்ள +4 சல்பரும் சந்தித்தால் இரண்டும் 0வில் வந்து நிற்கின்றன.

காப்பரும் நீர்த்த நைட்ரிக் அமிலமும் வினைபுரியும்போது எட்டு அமில மூலக்கூறுகள் எதற்கு?

மூன்று காப்பர் அணுக்கள் ஆளுக்கு இரண்டாக ஆறு எலக்ட்ரான்களைக் கொடுக்கின்றன. நைட்ரிக் அமிலத்தில் +5ஆக இருக்கும் நைட்ரஜன் நைட்ரிக் ஆக்சைடில் +2 ஆக மூன்று எலக்ட்ரான்கள் வேண்டும், ஆறுக்கு இரண்டு மூலக்கூறுகளே போதும். மீதி ஆறு? மூன்று காப்பர் நைட்ரேட்டுக்குத் தேவையான ஆறு நைட்ரேட் அயனிகள் அவற்றிலிருந்து வருகின்றன, அந்த நைட்ரஜன் +5இலேயே இருக்கிறது. எட்டில் இரண்டு ஆக்சிஜனேற்றியாகவும் ஆறு வெறும் அமிலமாகவும் வேலை செய்கின்றன. ஒரு சேர்மத்தின் எல்லா அணுக்களும் மாறியாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சமன் செய்யப் போனால் இங்கேதான் மாட்டுவோம்.

பெர்மாங்கனேட் ஆக்சாலிக் அமில வினையைச் சமன் செய்ய எளிய வழி உண்டா? ஆய்வகத்தில் ஏன் சூடாக்கச் சொல்கிறார்கள்?

அமில ஊடகத்தில் மாங்கனீசு +7லிருந்து +2க்கு வருகிறது, ஐந்து எலக்ட்ரான் ஏற்பு. ஆக்சலேட்டில் கார்பன் +3, கார்பன் டைஆக்சைடில் +4, ஓர் ஆக்சலேட்டில் இரண்டு கார்பன் இருப்பதால் இரண்டு எலக்ட்ரான் இழப்பு. ஐந்துக்கும் இரண்டுக்கும் பொது மடங்கு பத்து, ஆகவே இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஆக்சலேட். வலதுபக்கம் இரண்டு மாங்கனீசு அயனிகள், பத்து கார்பன் டைஆக்சைடு. இப்போது மின்சுமையைப் பாருங்கள்: இடதுபக்கம் பெர்மாங்கனேட் -2, ஆக்சலேட் -10, மொத்தம் -12. வலதுபக்கம் +4. வித்தியாசம் 16, ஆகவே இடதுபக்கம் 16 ஹைட்ரஜன் அயனிகள், வலதுபக்கம் எட்டு தண்ணீர். ஆக்சிஜனை எண்ணிச் சரிபாருங்கள், இடதுபக்கம் 8ம் 20ம் 28, வலதுபக்கம் 20ம் 8ம் 28. ஆக்சிஜனைக் கடைசியில் எண்ணிப் பார்ப்பதை விடவே கூடாது, தப்பு இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

இனி கூம்புக் குடுவைக்கு வருவோம். சாதாரண வெப்பநிலையில் இந்த வினை மெதுவாக நடக்கும், அதனால் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறோம். அப்படியும் பியூரெட்டிலிருந்து முதலில் விழும் சொட்டுகளின் இளஞ்சிவப்பு உடனே மறையாமல் கொஞ்சம் தயங்கும். பயந்து நிறுத்த வேண்டாம், குலுக்கிக்கொண்டே இருங்கள். வினையில் உண்டாகும் மாங்கனீசு +2 அயனியே வினைவேக மாற்றியாக வேலை செய்யும், அது கொஞ்சம் சேர்ந்ததும் அடுத்த சொட்டுகள் விழுந்த கணமே நிறமிழக்கும். நிலையான வெளிர் இளஞ்சிவப்பு வந்தால் முடிவுநிலை, தனியாக நிறங்காட்டி தேவையில்லை. ஆக்சாலிக் அமிலத்துக்குப் பதில் ஃபெரஸ் உப்பு (இரும்பு +2) என்றால் சூடாக்கக் கூடாது, சூட்டில் காற்றே ஃபெரஸ் அயனியை ஃபெரிக்காக்கிவிடும் (இரும்பு +3).

அமிலத்துக்கு நீர்த்த சல்பூரிக் அமிலம் மட்டும்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றம் செய்து கூடுதலாகச் செலவாகும், நைட்ரிக் அமிலம் தானே ஓர் ஆக்சிஜனேற்றி. அமிலம் போதாமல் போனால் குடுவையில் பழுப்பாக மாங்கனீசு டைஆக்சைடு தோன்றும், மாங்கனீசு +4இலேயே நின்றுவிட்டது, ஐந்துக்குப் பதில் மூன்று எலக்ட்ரான். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மோலார் நிறை 158ஐ 5ஆல் வகுத்துச் சமான நிறை 31.6 என்று போட்ட கணக்கு அங்கே செல்லாது, 3ஆல் வகுத்து 52.67 ஆகிவிடும். பழுப்பைப் பார்த்தால் அந்த அளவீட்டை ஒதுக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

ஆக்சிஜனேற்ற எண் அதிகபட்சம் எவ்வளவு போகும்?

ஆஸ்மியம் டெட்ராக்சைடில் +8 என்பது நெடுநாள் உச்சமாக இருந்தது. 2014இல் இரிடியம் ஒன்றும் ஆக்சிஜன் நான்கும் கொண்ட, 1+ மின்சுமையுள்ள அயனியை வாயு நிலையில் கண்டறிந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரிடியம் +9. அதனிடம் இணைதிறன் எலக்ட்ரான்களும் ஒன்பதுதான்.

தேர்வில் நான்கு வினை கொடுத்து எது ரெடாக்ஸ் இல்லை என்று கேட்டால் எங்கே ஆரம்பிப்பது?

இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள்: அமோனியம் டைகுரோமேட்டைச் சூடாக்குவது, லெட் டைஆக்சைடோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம், பேரியம் பெராக்சைடோடு நீர்த்த சல்பூரிக் அமிலம், ஹைட்ரஜன் சல்பைடோடு சல்பர் டைஆக்சைடு. விளைபொருள்களில் தனிமம் இருக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். முதலாவதில் நைட்ரஜன் வாயு, இரண்டாவதில் குளோரின் வாயு, நான்காவதில் சல்பர் வருகிறது, மூன்றுமே ரெடாக்ஸ். மூன்றாவதில் பேரியம் சல்பேட் படிகிறது, ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் இருக்கிறது. பேரியம் +2, சல்பர் +6, பெராக்சைடு ஆக்சிஜன் இரு பக்கமும் -1. விடை மூன்றாவது.